வளைவுக்குப் போட்ட ஓட்டு

வெள்ளக்கரைப்பட்டி
ஜனவரி 10

அன்புத் தம்பி செல்வக்குமாருக்கு,

அக்கா தாமரைச்செல்வி எழுதுவது. நானும் உன் மச்சானும் நலம். மச்சானுக்கு முழங்கால் வலி மட்டும் வருவதும் போவதுமாக இருக்கிறது. கூப்பிடாமல் வருகிற விருந்தாளி என்று அவரே சிரித்துக்கொள்கிறார். ஓசூர்க் குளிரில் நீயும் சுபலட்சுமியும் எப்படி இருக்கிறீர்கள்? பாப்பாவுக்குச் சளி விட்டதா?

கையில் போன் இருக்கும்போது கடிதம் எழுதுகிறாளே என்று நீ சிரிப்பாய். இந்த ஐந்து வருஷமாக அது என் போனாகவா இருந்தது? உன்னோடு பேச உட்கார்ந்தால், "தலைவியம்மா, மோட்டார் ஓடல", "தலைவியம்மா, லைட்டு எரியல" என்று ஊரே நடுவில் புகுந்துவிடும். பதவி போய்விட்டது என்று யாரும் போனுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது, இன்னமும் அப்படியேதான் அடிக்கிறது. உனக்கும் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கடிதம் என்றால் குறுக்கே பேச ஆள் இல்லை.

ஆமாம், பதவிக்காலம் முடிந்தது. புதிதாகத் தேர்தல் வைக்கவில்லை. ஒன்றிய ஆபீஸிலிருந்து ஓர் அம்மாவைத் தனி அலுவலராகப் போட்டிருக்கிறார்கள். முத்திரையை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். திரும்பி வரும்போது பள்ளிக்கூடத்துக்கு முன்னால் நம் செல்லத்தாயக்கா நின்றாள். நூறு நாள் வேலைக்கு மண்வெட்டியோடு முதல் ஆளாக வருவாளே, அவள்தான். முந்தானை நிறையப் பச்சை மொச்சை கொண்டுவந்து என் மடியில் கொட்டிவிட்டுப் போனாள். வீட்டுக்கு வந்து உரிக்கும்போது கண் கலங்கிவிட்டது.

உனக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். பஞ்சாயத்துத் தேர்தல் என்றால் ஓசூர், திருப்பூர் என்று வெளியூரில் இருக்கிற பிள்ளைகளை அழைத்துவர ஊரே வேன் அனுப்பும் பழக்கம் நம் ஊரைத் தவிர வேறு எந்த ஊரில் இருக்கிறது? நான் விரல்விட்டு எண்ணுகிற ஓட்டில்தான் ஜெயித்தேன். நீங்கள் வேனில் வந்து இறங்கியிருக்காவிட்டால் நான் தலைவியும் இல்லை, ஒன்றும் இல்லை.

இப்போது ஒரு சேதி. மாநகராட்சியோடு சேர்க்கப் போகிற ஊராட்சிகள் என்று அரசு ஒரு பட்டியல் போட்டிருக்கிறது. அதில் நம் ஊரும் இருக்கிறது. ஆட்சேபம் இருந்தால் சொல்லலாமாம். குடியரசு தினக் கிராம சபையில் பேசப் போகிறோம். ஊராட்சி போனால் கிராம சபை போகும், நூறு நாள் வேலையும் போகும். அதைவிட, நம் ஊர்க் காரியத்தை நாம் உட்கார்ந்து பேசுகிற இடமே போகும். அதுதான் என் கவலை.

பாப்பாவுக்கு என் முத்தம்.

உன் அக்கா
தாமரைச்செல்வி


ஓசூர்
ஜனவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி செல்வக்குமார் வணக்கத்துடன். இங்கு மூவரும் சௌக்கியம். பாப்பாவுக்குச் சளி போய்ப் பல் முளைத்திருக்கிறது. மச்சானை வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. சர்க்கார் மேலே இல்லை, உங்கள் ஊர் மேலே. எம்.எல்.ஏ. தேர்தலில் என்ன செய்தீர்கள் என்று நினைத்துப் பார். ஊர்ப் பெரியவர் என்று பேயாண்டி மாமா ஊர்க்கூட்டம் போட்டார். ஊர் வாசலில் வளைவு கட்டித் தருகிறேன் என்று ஓட்டுக் கேட்டு வந்த ஆள் சொன்னான். சரி என்று ஊர் ஓட்டு மொத்தத்தையும் ஒரே பக்கம் சாய்த்துக் கொடுத்தீர்கள். அவன் ஜெயித்ததே கொஞ்ச ஓட்டில். நீங்கள் போட்ட ஓட்டில் உட்கார்ந்த சர்க்கார்தானே இப்போது உங்கள் ஊராட்சியைக் கலைக்கிறது? 'வெள்ளக்கரைப்பட்டி ஊராட்சி தங்களை அன்புடன் வரவேற்கிறது' என்று அந்த வளைவில் பெரிதாக எழுதியிருக்கிறதே, இனி யார் வரவேற்பது?

நீ ஒருத்தி, உன்னைத் தள்ளிவிடுகிறவனுக்கும் மெதுவாகத் தள்ளினாயே என்று நன்றி சொல்வாய். கிராம சபையிலாவது நாலு வார்த்தை சூடாகக் கேள்.

மச்சானுக்கு என் அன்பு. சுபலட்சுமி உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

தம்பி
செல்வக்குமார்


வெள்ளக்கரைப்பட்டி
ஜனவரி 29

அன்புத் தம்பிக்கு,

நலம், நலமே நாடுகிறேன். பாப்பாவுக்குப் பல் முளைத்த சேதியை மச்சான் தெருவெல்லாம் சொல்லிவிட்டார்.

நீ சொன்ன சூடு கிராம சபையில் குறைவில்லாமல் இருந்தது. கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடித்ததும் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் கூடினோம். பேயாண்டி மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "யாரக் கேட்டு எங்க ஊரச் சேக்குறீக? எங்க பாட்டன் வெட்டுன கம்மா இது. மாநகராட்சிக்கு இதுல என்ன பாத்தியதை?" என்று அந்தத் தனி அலுவலர் அம்மாவைப் பார்த்துக் கத்தினார். அவருக்கு உன் வயதுகூட இருக்காது. தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டே இருந்தார். இளவட்டங்கள் விசிலடித்தார்கள். எனக்கு அந்தப் பெண்ணைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அப்போது செல்லத்தாயக்கா எழுந்தாள். சபையில் அவள் வாயைத் திறந்து நான் பார்த்ததே இல்லை.

"அண்ணே, அந்தப் புள்ளைய ஏன் வையிறீக? அது சம்பளத்துக்கு வந்திருக்கு. முடிவு எடுத்தது மேல இருக்குற சர்க்காரு. அவுகள அங்கன ஏத்தி உக்கார வச்சது யாரு? நாமதான. பஞ்சாயத்து எலெக்சன்னா கால் முறிஞ்சு கெடந்தவனக்கூட கட்டிலோட தூக்கியாந்து ஓட்டுப் போட வச்சோம். எம்.எல்.ஏ. எலெக்சனுக்கு என்ன செஞ்சோம்? வளைவு எம்புட்டு ஒசரம்னு கேட்டோம். எங்க ஊர என்ன செய்வீகன்னு ஒருத்தராச்சும் கேட்டோமா? சின்ன எலெக்சனுக்கு வேன் விட்டோம், பெரிய எலெக்சனுக்குப் பாதிப் பேரு வீட்டுல படுத்துக்கிட்டோம்."

மாமா உட்கார்ந்துவிட்டார். அப்புறம் அவரேதான் சொன்னார், "அவ சொல்றதையும் தீர்மானத்துல எழுதுங்கம்மா" என்று. ஊராட்சிச் செயலர், அப்படியெல்லாம் எழுத வழியில்லை என்று இழுத்தார். அந்த அலுவலர் அம்மா, "அவங்க சொல்றத எழுதத்தான் கிராம சபை. எழுதுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

எழுதியது இதுதான்: 'எங்கள் ஊராட்சியை மாநகராட்சியோடு இணைப்பதை நாங்கள் ஏற்கவில்லை. இந்த அரசு அமைய நாங்களும் வாக்களித்தோம். எதுவும் கேட்காமல் வாக்களித்தது எங்கள் பிழை. இனி கேட்பது எங்கள் கடமை.' எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள். இத்தனை வருஷம் நான் போட்ட தீர்மானங்களில் இப்படி ஒன்று இல்லை, தம்பி. எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தப் பெரிய தேர்தல் நாளை நானும் யோசித்துப் பார்த்தேன். ஓட்டுக்கு வருவேன் என்று நீ முந்தின வாரம் சொல்லியிருந்தாய். உனக்குப் பிடித்த குழம்பாக வைத்தேன். அது மறுநாளும் கெடாமல் நன்றாகத்தான் இருந்தது. சரி, அது கிடக்கட்டும்.

சுபலட்சுமிக்கு என் அன்பு.

அக்கா


ஓசூர்
பிப்ரவரி 14

அக்காவுக்கு,

நலம். கடிதம் கிடைத்தது. இங்கே இரண்டு ஷிப்ட் போகிறது, எழுத நேரம் இல்லை. தீர்மானம் போட்டால் மட்டும் போதாது. நல்ல வக்கீலாகப் பார்த்து வழக்குப் போடுங்கள். மச்சானுக்கு முழங்கால் உறை வாங்கி அனுப்பியிருக்கிறேன். இரவில் கழற்றிவிடச் சொல்.

செல்வக்குமார்


வெள்ளக்கரைப்பட்டி
மார்ச் 27

அன்புத் தம்பிக்கு,

இங்கு சுகம். நீ அனுப்பிய உறையை மச்சான் வேட்டிக்கு மேலேயே மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். மைத்துனன் அனுப்பியது எல்லோர் கண்ணிலும் பட வேண்டுமாம். வலி குறைந்திருக்கிறது. உனக்குப் புண்ணியம்.

தீர்மானத்தை எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸுக்குப் போனோம். நம் தெரு சேக்கான் வீட்டு வேனில் பெண்கள், டவுன் பஸ்ஸில் ஆண்கள். வெயிலில் வெளியே நிறுத்திவிடுவார்களோ என்று பயந்தேன். நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். மனுவை வாங்கிய அதிகாரி அந்த வரியை இரண்டு தரம் படித்தார். "நீங்களே உங்க மேல புகார் எழுதியிருக்கீங்களே" என்று கேட்டார். "ஆமாய்யா, மொதல்ல எங்கள விசாரிச்சிட்டு அப்புறம் அவுகள விசாரிங்க" என்றாள் செல்லத்தாயக்கா. அவர் சிரித்துவிட்டார். மேலே அனுப்புகிறேன் என்றார். முடிவு சென்னையில்தான் என்றும் சொன்னார்.

ஊரில் எல்லோரும் ஒரே மனசு என்று நினைத்துவிடாதே. உன் மச்சானே அந்தப் பக்கம்தான். "டவுனு ஆகட்டுமே. ரோடு வரும், லைட்டு வரும், எடத்துக்கு வெல வரும். ஒனக்குத் தலைவி நாற்காலி போச்சேன்னு கவல" என்கிறார். எனக்கும் அப்படித்தானோ என்று ஒரு நாள் முழுக்க என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை. நாற்காலியில் நான் உட்கார்ந்ததே குறைவு. மோட்டார் ரூமில்தான் பாதி நாள் போனது.

உன்னிடமிருந்து கடிதம் வந்து நாளாகிறது. உடம்பைப் பார்த்துக்கொள். ஷிப்ட் மாறும்போது சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

அக்கா


வெள்ளக்கரைப்பட்டி
ஜூன் 18

அன்புத் தம்பிக்கு,

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. சுபலட்சுமியிடம் போனில் கேட்டேன், அவர் நன்றாக இருக்கிறார், அண்ணி என்றாள். அது போதும் எனக்கு.

உத்தரவு வந்துவிட்டது. நம் ஊர் இனி மாநகராட்சியில் ஒரு வார்டின் ஓரம். நம் தீர்மானத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. ஆட்சேபங்கள் பரிசீலிக்கப்பட்டன என்று பொதுவாக ஒரு வரி, அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்குள் செல்லத்தாயக்காவின் கைநாட்டும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நூறு நாள் வேலை நின்றது. செல்லத்தாயக்கா இப்போது விடிவதற்கு முன் எழுந்து சிம்மக்கல்லுக்குப் பஸ் ஏறுகிறாள். பழ மண்டியில் தரம் பிரிக்கிற வேலை. ஒரு நாளும் என் வீட்டு வாசலில் வந்து மூக்கைச் சிந்தவில்லை. வரும்போது அடிபட்ட கொய்யாவை மட்டும் எனக்கு எடுத்து வருகிறாள்.

போன வாரம் வளைவுக்கு ஆள் வந்தான். 'ஊராட்சி' என்ற எழுத்தை அழிக்க வேண்டுமாம். ஏணி போட்டு ஏறிவிட்டான். பெண்கள் கூடிவிட்டார்கள். அடிதடி ஆகிவிடுமோ என்று ஓடினேன். போய்ப் பார்த்தால் கீழே மோர்ச் சொம்போடு நிற்கிறார்கள். "எறங்கிக் குடிச்சிட்டு அழி தம்பி. வெயில்ல மயக்கம் போட்டு விழுந்தீன்னா அதுக்கும் நாங்கதான் பதில் சொல்லணும்" என்கிறார்கள். அவன் குடித்தான், மறுபடி ஏறினான், அழித்தான். இப்போது வளைவில் 'வெள்ளக்கரைப்பட்டி' என்று இருக்கிறது, நடுவில் வெள்ளையாக ஒரு பட்டை, அப்புறம் 'தங்களை அன்புடன் வரவேற்கிறது'. யார் வரவேற்கிறார்கள் என்றுதான் தெரியவில்லை. நீ அன்றைக்கே கேட்டாய்.

தோற்றுவிட்டோம் தம்பி. வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் தோற்றதற்கு அடுத்தவனைக் கைகாட்டாத ஓர் ஊரில் இருக்கிறேன். அதற்காக எந்தச் சாமிக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் எல்லாச் சாமிக்கும் சொல்லிவைத்தேன்.

பாப்பா நடக்கிறாளா?

அக்கா


ஓசூர்
செப்டம்பர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எல்லோரும் நலம். பாப்பா நடக்கவில்லை, ஓடுகிறாள்.

பல தடவை எழுத உட்கார்ந்தேன். கிராம சபை பற்றி நீ எழுதிய கடிதத்தை எடுத்து எடுத்துப் படிப்பேன், மூடி வைத்துவிடுவேன். இன்றைக்கு ஒன்றே ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

அந்த எம்.எல்.ஏ. தேர்தல் அன்றைக்கு என்ன குழம்பு வைத்திருந்தாய்?

தம்பி
செல்வக்குமார்


வெள்ளக்கரைப்பட்டி
அக்டோபர் 2

என் அன்புத் தம்பிக்கு,

நலம். உன் எழுத்தைப் பார்த்ததும் பாதி நோய் போனது.

அயிரை மீன் குழம்பு. வேறு என்ன வைப்பேன் உனக்கு?

அவ்வளவுதான் அதற்குப் பதில். மேற்கொண்டு நீ ஒன்றும் எழுத வேண்டாம்.

இன்றைக்கு நடந்ததைக் கேள். காந்தி ஜெயந்தி. சுற்றுப்பட்டு ஊராட்சிகளில் கிராம சபை. நமக்கு இல்லை. நான் வீட்டில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். பத்து மணி வாக்கில் பேயாண்டி மாமா வந்து, "என்னத்தா, வரலையா?" என்றார். எங்கே என்றேன். "மரத்தடிக்குத்தேன். எல்லாரும் வந்துட்டாக" என்றார். போனால் ஊரே உட்கார்ந்திருக்கிறது. அலுவலர் இல்லை, செயலர் இல்லை, எழுத ஒன்றும் இல்லை. செல்லத்தாயக்கா மண்டிக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். கால் பழகிய வழி, கூட்டிவந்துவிட்டது. கொஞ்ச நேரம் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். அப்புறம் பேச ஆரம்பித்தோம். இவர்களுக்கு நான் தலைவியாக இருந்தேன் என்பதே பெரிய கொடுப்பினை.

தெருவுக்கு வெள்ளை லைட் போட்டுவிட்டார்கள். மச்சான் சொன்னது நடந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். நல்ல வெளிச்சம். யாரிடம் போய் நன்றி சொல்வது என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. முன்பெல்லாம் மோட்டார் ஓடினால் என் வாசலுக்கு முருங்கைக்காய் வரும், ஓடாவிட்டால் வசவு வரும். இரண்டுக்கும் ஒரே வாசல். இப்போது குழாயில் இரண்டு நாள் தண்ணீர் வராவிட்டால் பஸ் ஏறி மண்டல ஆபீஸுக்குப் போக வேண்டும். அங்கே உள்ளவர்களும் நல்லவர்கள்தான். ஆனால் எங்கள் தெருப் பெயரையே ஒவ்வொரு தரமும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

மரத்தடியில் பேசியதில் முக்கியமானது ஒன்று. அடுத்த சட்டசபைத் தேர்தல் சித்திரையில் வருகிறது. இந்தத் தடவை என்ன செய்வது என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டோம். முடிவுக்கு வரவில்லை. நீயும் யோசி.

அக்கா


ஓசூர்
ஜனவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கல் வாழ்த்து. மச்சானுக்கும் சொல். நாங்கள் சுகம். பொங்கலுக்கு வரவில்லை என்று உனக்கு மனத்தாங்கல் இருக்கும். அவனியாபுரம் ஜல்லிக்கட்டை டி.வி.யில் பார்த்தபோது சுபலட்சுமிகூட, "இப்படியே எந்திரிச்சுப் போயிருவோமா?" என்றாள்.

லீவைச் சேர்த்து வைக்கிறேன். சித்திரையில் ஓட்டுக்கு வருகிறோம்.

நான் மட்டும் இல்லை. நம் ஊர்ப் பிள்ளைகள் ஓசூரில் எத்தனை பேர் இருக்கிறோம் என்று தேடிப் பிடித்துப் பேசினேன். முதலில் சிரித்தார்கள். "நம்ம ஓட்டு ஒண்ணு அங்க என்னத்தக் கிழிக்கும் மாப்ள?" என்றான் சிவனாண்டி. பஞ்சாயத்துத் தேர்தலுக்கு நம்மை வேன் வைத்துத் தூக்கிப் போனார்களே, அப்போது மட்டும் ஒரு ஓட்டு பெரிதாக இருந்ததா என்று கேட்டேன். உன் தீர்மானத்தில் இருந்த வரியைப் படித்துக் காட்டினேன். மறுநாள் அவனே வந்து, பஸ் பிடித்துவிடலாமா என்றான். எந்தக் கட்சிக்காரனும் வண்டி அனுப்பக் கூடாது, கவர்ன்மென்ட் பஸ்ஸிலேயே எல்லோரும் டிக்கெட் எடுத்து ஒன்றாக ஏறுவோம் என்று முடிவு. திருப்பூர்ப் பிள்ளைகளுக்கும் சொல்லியாயிற்று.

யாருக்கு ஓட்டு என்று பேசவில்லை. பேசினால் ஏறுவதற்கு முன்பே சண்டை வந்துவிடும்.

செல்லத்தாயக்காவை விசாரித்ததாகச் சொல். கொய்யா எனக்கும் வேண்டும்.

தம்பி


வெள்ளக்கரைப்பட்டி
மார்ச் 30

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். நீங்கள் எல்லோரும் வருகிற சேதியைக் கேட்டதிலிருந்து மச்சான் வாசல் மண்ணைச் சமன்படுத்திக்கொண்டே இருக்கிறார். முழங்கால் வலியை மறந்துவிட்டார்.

தேர்தல் வந்துவிட்டதால் ஊருக்கு வெள்ளை வேட்டிகள் வரத் தொடங்கிவிட்டன. முதலில் வந்தவர் ஆள்பலத்தோடு வந்து, "கோயிலுக்கு என்ன வேணும்னு ஊர்க்கூட்டத்துல சொல்லுங்க" என்று பேயாண்டி மாமாவிடம் கேட்டார். மாமா என்ன சொல்வாரோ என்று எனக்குப் படபடப்பு. அவருக்குக் கோயில் மேல் எவ்வளவு பிரியம் என்று உனக்குத் தெரியும்.

"கோயிலுக்கு ஒண்ணும் வேணாம் தம்பி. சாமி நல்லா இருக்கு" என்றார் மாமா. "அந்த வளைவுக்குக் கீழ வந்து நில்லுங்க. எங்க பொம்பளைக ஒண்ணு கேப்பாக, அதுக்குப் பதில் சொல்லிட்டுப் போங்க."

வளைவுக்குக் கீழே நிறுத்தினோம். செல்லத்தாயக்காதான் கேட்டாள். "எங்க ஊரப் பத்தி மேல ஒரு முடிவு எடுத்தா, அதுக்கு முன்னால இங்கன வந்து எங்களக் கேப்பீகளா, மாட்டீகளா?" அவ்வளவுதான் கேள்வி. வந்தவர்கள் எல்லோரிடமும் அதையே கேட்டாள். ஒருவர் சுற்றிச் சுற்றிப் பேசினார். ஒருவர், கட்சித் தலைமைதான் முடிவு செய்யும் என்று உள்ளதைச் சொன்னார். ஒருவர், கேட்பேன் என்று வளைவுத் தூணைத் தொட்டுச் சொன்னார். மூன்று பேருக்கும் மோர் கொடுத்து நன்றி சொல்லித்தான் அனுப்பினோம்.

ஊர்க்கூட்டத்தில் மாமா கடைசியாகச் சொன்னது இது. "ஊரு ஓட்டுன்னு இனி ஒண்ணு கெடையாது. அவக அவக ஓட்டு, அவக அவக பொறுப்பு. ஆனா போடாம வீட்டுல படுத்திருந்தா, அவன் அஞ்சு வருசத்துக்கு மரத்தடியில வந்து வாயத் தொறக்கப்படாது." ஊர் ஓட்டை ஒரே கையில் வைத்திருந்த மனிதர் அதை இறக்கிவைப்பது லேசா?

எத்தனை பேர் வருகிறீர்கள் என்று மட்டும் முன்னாலேயே சொல். மீனுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

அக்கா


வெள்ளக்கரைப்பட்டி
ஏப்ரல் 27

என் அன்புத் தம்பிக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று சுபலட்சுமி சொன்னாள். பாப்பாவின் சின்னச் செருப்பு ஒன்று கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. அனுப்பட்டுமா, அடுத்த தேர்தல் வரை வைத்திருக்கட்டுமா?

மூன்று நாள் என் வீட்டிலேயே இருந்தாய், ஆனால் உன்னோடு உட்கார்ந்து பேச எனக்கு நேரமே கிடைக்கவில்லை. அடுப்படிக்கும் ஆட்களுக்குமே நேரம் சரியாக இருந்தது. அதனால் நீ பார்க்காததை எழுதுகிறேன்.

நீங்கள் வந்த பஸ் வளைவுக்குள் திரும்பியபோது நான் கண்மாய்க் கரையில் நின்றிருந்தேன். உள்ளே இருந்து நீங்கள் போட்ட சத்தம் அங்கே வரைக்கும் கேட்டது. மாமா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில் என்றார். காலை ஆறரைக்கு என்ன வெயில்?

செல்லத்தாயக்கா மண்டிக்குப் போகாமல் வரிசையில் நின்றாள். ஒரு நாள் கூலி போச்சே அக்கா என்றேன். "போன தடவ யோசிக்காமப் போட்ட ஓட்டுக்குத்தேன் இம்புட்டு நாளாக் கூலி போச்சு. இன்னைக்கி ஒருநாள் போனா என்ன" என்றாள். வெளியே வந்து மை வைத்த விரலை ஊதிக்கொண்டே நின்றாள், சுட்டுக்கொண்ட விரலை ஊதுவதைப் போல.

யார் ஜெயிப்பார்கள் என்று தெரியாது. எண்ணுவதற்கு இன்னும் நாள் இருக்கிறது. வளைவுத் தூணைத் தொட்டுச் சொன்னவர் வந்தாலும் நம் ஊராட்சி திரும்பி வந்துவிடும் என்று நான் கனவு காணவில்லை. மறுபடி தோற்றாலும் தோற்போம். ஆனால் யார் வந்தாலும் அவரை அனுப்பியது நாம்தான். மரத்தடியில் உட்கார்ந்து அவரைக் கேட்க நமக்கு வாய் இருக்கிறது.

நீ கேட்டபோது ஒரே வரியில் பதில் எழுதினேன். இன்றைக்கு மீதியையும் எழுதலாம். அந்தத் தேர்தல் அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாக்குச்சாவடி மூடியதும் குழம்பைச் சுடவைத்தேன். மறுநாளும் சுடவைத்தேன். மூன்றாம் நாள்தான் கீழே ஊற்றினேன். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை, தம்பி. ஓட்டு வீணானதற்கு அழுதேனா, மீன் வீணானதற்கு அழுதேனா என்று அன்றைக்கு எனக்கே தெரியவில்லை.

இந்தத் தடவை பஸ்ஸில் வந்த அத்தனை பேரும் மை விரலோடு நம் வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். சிவனாண்டி மூன்றாவது தரம் சோறு கேட்டபோது நீ அவனை முறைத்தாய், நான் பார்த்தேன். எல்லோரும் எழுந்து போன பிறகு நான் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சட்டியில் ஒரு மீன் இல்லை, ஒரு கரண்டிக் குழம்பு இல்லை. அந்தச் சட்டியிலேயே சோற்றைப் போட்டு வழித்துத் தின்றேன். என் ஆயுளில் அவ்வளவு ருசியாக நான் சாப்பிட்டதில்லை.

வந்ததற்கு நன்றி, தம்பி.

உன் அக்கா
தாமரைச்செல்வி